பாஸ்க் மொழியின் வேர் எங்கே?

பாஸ்க் மொழியின் வேர் எங்கே என்ற கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்கள் கற்காலத்திலிருந்து கலப்பே இல்லாமல் வருபவர்களா? அவர்களுடைய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்கிறார்களே, அது உண்மையா? இரண்டுக்கும் விடை ‘இல்லை’தான். ஆனால் அந்த ‘இல்லை’யை எப்படிச் சொல்ல முடிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெயரிலிருந்து தொடங்கலாம். பாஸ்க் என்பது வெளியார் வைத்த பெயர். ரோமானியர் குறிப்பிட்ட வாஸ்கோன் என்ற குழுவின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் தங்கள் மொழியை எவுஸ்கரா என்கிறார்கள். தங்களை அழைப்பது எவுஸ்கல்துன் என்று, அதாவது ‘எவுஸ்கரா உடையவர்’. மரபில் இனத்துக்குத் தனிப் பெயர் இல்லை. மொழி தெரிந்தால் அவர் எவுஸ்கல்துன். மற்ற மொழி எல்லாமே, ஸ்பானியமோ பிரெஞ்சோ, எர்தாரா. ஸ்பெயினில் நான்கு, பிரான்சில் மூன்று என ஏழு பகுதிகள் சேர்ந்தது பாஸ்க் நாடு. பிரனீஸ் மலையின் மேற்கு முனையும் பிஸ்கே வளைகுடாவின் மூலையும் சேரும் இடம் அது. இன்று சுமார் 8 லட்சம் பேர் இந்த மொழியைப் பேசுகிறார்கள்.

மொழி எங்கிருந்து வந்தது, மக்கள் எங்கிருந்து வந்தார்கள், இந்த நிலப்பரப்பில் மொழி எப்போது பரவியது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான ஆதாரத்தை எடுத்து இன்னொன்றுக்கு விடையாக வைப்பதால்தான் பாஸ்க் பற்றி எழுதப்பட்ட குப்பைகளில் பாதி உண்டானது. குகை ஓவியத்தைக் காட்டி மொழியின் வயதைச் சொல்வார்கள். ஓவியம் தீட்டியவன் என்ன மொழி பேசினான் என்று பாறை சொல்லாது.

முதலில் உறுதியான நிலம். இன்றைய தென்மேற்கு பிரான்சில், கரோன் ஆற்றுக்கும் பிரனீசுக்கும் இடையே இருந்தவர்களை அக்விதானியர் என்றது ரோம். அவர்கள் மொழியாலும் வழக்கங்களாலும் பிரான்சின் மற்றப் பகுதியில் வாழ்ந்த கால் (Gaul) இன மக்களிடமிருந்து வேறுபட்டவர்கள் என்று ஜூலியஸ் சீசரே குறித்திருக்கிறார். அவர்கள் தங்கள் மொழியில் நூல் எதையும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் அங்கே வெட்டப்பட்ட லத்தீன் கல்லறைக் கற்களிலும் நேர்த்திக்கடன் கற்களிலும் ஏறத்தாழ 400 ஆள்பெயர்களும் 70 தெய்வப் பெயர்களும் கிடைக்கின்றன. வாசகம் லத்தீன், பெயர் உள்ளூர்.

அந்தப் பெயர்களை இன்றைய பாஸ்க் தெரிந்தவர் அகராதி இல்லாமலே வாசிக்கலாம். நெஸ்கதோ என்று ஒரு பெண். பாஸ்கில் நெஸ்கதோ என்றால் சிறுமி. அந்தெரெ என்று இன்னொருத்தி. பாஸ்கில் பெண், சீமாட்டி. கிசோன் என்றால் ஆண். செம்பெ என்பது இன்றைய செமெ, மகன். ஒக்ஸோன் என்பதில் இருப்பது ஒட்சோ, ஓநாய். ஹார்ஸ் என்பது ஹார்ட்ஸ், கரடி. பிஹோக்ஸ் என்பது பிஹோட்ஸ், இதயம். ஆண் பெயர் ஆணுக்கும் பெண் பெயர் பெண்ணுக்கும் சரியாகப் பொருந்துகிறது. தற்செயலாக ஒலி ஒத்துப்போவதிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் சோதனை அதுதான். ஆக, பாஸ்க்கின் மூதாதை மொழியோ அதன் நெருங்கிய உடன்பிறப்போ 2,000 ஆண்டுகளுக்கு முன் பிரனீசின் வடக்குச் சரிவில் பேசப்பட்டது. மலைக்குத் தெற்கே நவார்ராவிலுள்ள லெர்கா என்ற ஊரின் கல்லிலும் உம்மெசஹார் என்ற பெயர் இருக்கிறது: உமெ, பிள்ளை, சஹார், மூத்த.

அதற்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம். ஸ்பெயினின் சான் மில்யான் மடத்து லத்தீன் சுவடி ஒன்றின் ஓரத்தில் இரண்டே இரண்டு பாஸ்க் குறிப்புகள் உண்டு. அவை 10 அல்லது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சந்தியாகோ திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டி ஒன்று ரொட்டி, மது, இறைச்சி, மீன், வீடு என வழிப்போக்கருக்குத் தேவையான சில சொற்களைத் தருகிறது. அச்சில் வந்த முதல் பாஸ்க் நூல் 1545இல் போர்தோ நகரில் வெளியான எச்செபாரெயின் கவிதைத் தொகுப்பு. ஒரு மொழியின் பழமையை ஆராய இது மிகவும் குறைந்த முதல்.

அப்படியானால் பழைய பாஸ்க்கை எப்படி மீட்கிறார்கள்? கடன்சொற்களை வைத்துத்தான். பாஸ்க் மொழியியலாளர் கோல்தோ மிச்செலேனா 1961இல் வெளியிட்ட வரலாற்று ஒலியியல் ஆய்வு இந்த வழியில்தான் கட்டப்பட்டது. லத்தீன் சொல்லின் பழைய வடிவம் நமக்குத் தெரியும், இன்றைய பாஸ்க் வடிவமும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நடந்த மாற்றத்தைக் கணக்கெடுத்து விதியாக்க வேண்டும். பிறகு அதே விதியைத் திருப்பிப்போட்டுப் பாஸ்க்கின் சொந்தச் சொற்களின் பழைய உருவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் விதி சொல்லின் தொடக்கம் பற்றியது. லத்தீன் பாக்கெம், அமைதி, பாஸ்கில் பக்கே ஆனது. தமிழ் எழுத்தில் இரண்டின் முதல் எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள்: முதல் ப லத்தீனின் ஒலி, இரண்டாவது ப பாஸ்க்கின் ஒலி. காஸ்தெல்லும், கோட்டை, கஸ்தெலு ஆனதிலும் முதல் க அப்படியே மென்மையாகிறது. பக்கே இன்னொன்றையும் காட்டுகிறது. ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் அந்த க ஒலி எப்போதோ சிதைந்துவிட்டது. பாஸ்கில் மட்டும் நிற்கிறது. எனவே அந்தச் சொல் ரோமப் பேரரசு நடந்துகொண்டிருந்தபோதே உள்ளே வந்தது. லத்தீன் செல்லா, அப்போதைய உச்சரிப்பில் கெல்லா, பாஸ்கில் கெலா, அறை. இதுவும் பழைய வரவு. ஆனால் வானத்தைக் குறிக்கும் கேலும் என்பது செரு ஆகியிருக்கிறது. அங்கே க ஏற்கெனவே ச பக்கம் நகர்ந்துவிட்டது, ஆகவே அது பிந்திய வரவு. ஒரே மொழியிலிருந்து வந்த கடனிலேயே அடுக்குகள் தெரிகின்றன.

இரண்டாவது விதி: இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்ற ன விழுந்துவிடும். வாத்தைக் குறிக்கும் அனாத்தெம் என்பது அஹாதெ. சங்கிலியான காத்தேனா என்பது கதேஆ. மணலான அரேனா என்பது ஹரேஆ. மூன்றாவது: உயிர்களுக்கு நடுவே நின்ற ல, ர ஆகும். மேலே சொன்ன கேலும், செரு ஆனதில் அதையும் பார்க்கலாம்.

இப்போது சொந்தச் சொல்லுக்கு வருவோம். மதுவுக்குப் பாஸ்க் வட்டாரங்களில் அர்தோ, அர்தாஓ, அர்னோ, அர்து எனப் பல வடிவங்கள். எது மூலம்? கூட்டுச்சொல்லில் விடை ஒளிந்திருக்கிறது: மதுக்கடை அர்தன்தெகி, திராட்சைத் தோட்டம் அர்தன்ட்சா. அங்கே ன-வுக்குப் பின் மெய் வருவதால் அது தப்பித்துக்கொண்டது. ஆகவே பழைய வடிவம் அர்தனோ. உயிர்களுக்கு நடுவே நின்ற ன போனதும் ஒவ்வொரு வட்டாரமும் தன் விருப்பப்படி சுருக்கிக்கொண்டது. யாத்திரிகர் வழிகாட்டியில் அது ‘அர்தும்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. மறையப்போகும் மூக்கொலியின் கடைசிச் சாயல். அதே முறையில், மேற்கில் ‘குழந்தை’ என்ற பொருளிலும் வடக்கில் ‘வேலையாள்’ என்ற பொருளிலும் வழங்கும் செய்ன், செஹி ஆகிய இரண்டுக்கும் மூலம் செனி என்று விதி சொல்கிறது. அக்விதானியக் கற்களில் செனி என்றே தொடங்கும் பெயர்கள் இருக்கின்றன. கணக்குப் போட்டு வந்த விடை கல்லிலும் இருப்பதால்தான் இந்த முறையை நம்புகிறோம்.

இந்தக் கணக்கு ஒரு புகழ்பெற்ற கதையைக் கவிழ்த்தும் விடுகிறது. கோடரிக்குப் பாஸ்கில் ஐஸ்கோரா என்று பெயர். ஹைட்ஸ் என்றால் பாறை. எனவே கோடரியைக் கல்லில் செய்த காலத்திலேயே இந்தச் சொல் பிறந்துவிட்டது, மொழிக்குக் கற்கால வயது என்று இன்றும் எழுதுகிறார்கள். லத்தீனில் சிறு கோடரிக்கு அஸ்கிஓலா என்று ஒரு சொல் உண்டு. நடுவில் நின்ற ல-வை ர ஆக்கிப் பாருங்கள். ஹைட்ஸ் என்பதும் உண்மையில் மலைப்பாறை, செங்குத்துக் குன்று. கையில் எடுத்துச் செதுக்கும் கல்லுக்கு வேறு சொல். பாஸ்க் பழமையான மொழிதான். ஆனால் இந்தக் கோடரி அதற்குச் சாட்சி இல்லை.

இனி தமிழ். உறவு கொண்டாடுபவர்களைக் குறை சொல்ல முடியாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுமை அசரவைக்கும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை. சொல்லின் வாலில் உருபு: எச்சே வீடு, எச்சேஆன் வீட்டில், எச்சேரா வீட்டுக்கு, எச்சேதிக் வீட்டிலிருந்து. ‘வந்த மனிதன்’ என்பதை எதொர்ரி தென் கிசோனா என்று பெயரெச்சம் போல முன்னால் வைத்தே சொல்கிறார்கள். சொல்லின் முதலில் ர வராது: லத்தீன் ரேகெம் எர்ரெகே ஆனது, அரசன், ரோமா எர்ரோமா ஆனது. நாம் இராமன் என்றும் உரோமை என்றும் எழுதுவது போலவே. நெருங்கிய பேச்சில் எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதை வினையிலேயே ஒட்டிவிடுவார்கள்: ‘அவன் வந்துவிட்டான்’ என்பதற்கு ஆணிடம் எதொர்ரி துக், பெண்ணிடம் எதொர்ரி துன். நம் ‘வந்துட்டான்டா’, ‘வந்துட்டான்டி’ நினைவுக்கு வராமல் போகாது. போதாக்குறைக்கு, தாய்க்கு அவர்கள் சொல்லும் சொல் அமா.

இவை ஏன் போதவில்லை? வினை கடைசியில் வரும் மொழிகள் உலகில் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் உருபு பின்னால்தான் ஒட்டும். ஒன்று இருந்தால் மற்றது கூடவே வரும் குணம் அது. அதை இரண்டு சாட்சிகளாக எண்ணக் கூடாது. அமா, அம்மா போன்றவை குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள். உறவில்லாத மொழிகளிலும் கிடைக்கும். மற்ற சொற்களில் தேடினால் ஏமாற்றம்தான். பாஸ்கில் உர் என்றால் தண்ணீர், ஊர் இல்லை. நி என்றால் நான், நீ இல்லை. எண்கள் பத், பி, ஹிரு, லவ், போஸ்த்.

உறவை நிறுவ வேண்டுமானால் ஒலிகள் ஒழுங்காக மாறியிருக்க வேண்டும். தமிழ் பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. ஒரே விதி பல சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழுக்கும் பாஸ்க்குக்கும் இடையே அப்படி ஒரு விதியைக்கூட எவரும் காட்டியதில்லை. காகேசிய மொழிகள், வட ஆப்பிரிக்காவின் பெர்பெர், வட பாகிஸ்தானின் புருஷாஸ்கி என்று வைக்கப்பட்ட மற்ற உறவுகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. ஒப்பீட்டுப் பட்டியலில் கடன்சொல்லையும் இன்றைய வடிவத்தையும் போட்டுவிடுகிறார்கள். அர்தோவை ஒப்பிட்டுப் பயனில்லை; ஒப்பிட வேண்டியது அர்தனோவை.

இலக்கணத்திலும் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. தமிழில் ‘மனிதன் வந்தான்’, ‘மனிதன் ஓநாயைப் பார்த்தான்’. இரண்டிலும் மனிதன் மாறுவதில்லை, ஓநாய்தான் ஐ உருபு ஏற்கிறது. பாஸ்கில் கிசோனா எதொர்ரி தா. ஆனால் கிசோனாக் ஒட்சோஆ இகுசி து. ஓநாய் சும்மா நிற்கிறது. பார்த்த மனிதனுக்குத்தான் க் என்ற முத்திரை. துணைவினையோ யார் செய்தார், எதைச் செய்தார், யாருக்குச் செய்தார் என்ற மூன்றையும் தன்னிடமே பதிந்து வைத்துக்கொள்கிறது. பெயரடை பெயருக்குப் பின்னால் வரும்: எச்சே பெர்ரி, ‘வீடு புது’.

அந்த எச்சே பெர்ரி வழியாகத் தமிழோடு உண்மையான ஒரு தொடர்பு உண்டு. நவார்ராவில் ஒரு கோட்டைக்கும் ஊருக்கும் அதுவே பெயராகி, திரிந்து ஷாவியெர் ஆனது. அங்கே 1506இல் பிறந்தவர்தான் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அங்குள்ளவர்களின் தாய்மொழி மலபார், என்னுடையது பிஸ்காயா மொழி, அதனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை என்கிறார். மலபார் என்று அவர் சொல்வது தமிழை, பிஸ்காயா மொழி என்பது பாஸ்க்கை. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து ஜெபங்களைப் பெயர்த்து மனப்பாடம் செய்தார். உறவு மொழி என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. சேவியர், சவேரியார் என்று பெயர் வைத்திருக்கும் தமிழர்கள் எல்லோரும் ‘புது வீடு’ என்ற பாஸ்க் சொல்லைச் சுமக்கிறார்கள்.

ஓரளவு கவனிக்கத் தகுந்த ஒரே ஒப்பீடு ஐபீரிய மொழியுடன். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் ரோமுக்கு முன் எழுதப்பட்ட மொழி அது. எழுத்தை வாசிக்க முடியும், பொருள் தெரியாது. அதில் எண்கள் என்று சிலர் கருதும் இருர், லவுர், போர்ஸ்தெ, அபர், ஓர்கெய் ஆகியவை பாஸ்க்கின் ஹிருர், லவுர், போர்ட்ஸ், ஹமர், ஹொகெய் ஆகியவற்றோடு நெருங்குகின்றன: மூன்று, நான்கு, ஐந்து, பத்து, இருபது. ஆனால் அந்த மொழி எழுதப்பட்ட நீண்ட ஈயத் தகடுகளைப் பாஸ்க் அகராதி வைத்து வாசிக்கப் போனவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். எண்களைச் சந்தையில் கடன் வாங்கலாம். எனவே அண்டை வீட்டுப் பழக்கம் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

மக்கள் பற்றிய கதை கடந்த சில ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டது. பாஸ்க் மக்களில் ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் ஐரோப்பிய சராசரியைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அதை வைத்து, பனியுக வேட்டைக்காரர்களின் நேர் வாரிசுகள் என்று பல பத்தாண்டுகள் எழுதினார்கள். பழைய எலும்புகளிலிருந்து மரபணு எடுக்கத் தொடங்கியதும் அது நிற்கவில்லை. வட ஸ்பெயினில் அதாபுவெர்கா மலையின் எல் போர்தலோன் குகையில் கிடைத்த, 3,500 முதல் 5,500 ஆண்டுகள் பழைய எட்டுப் பேரின் மரபணுவை 2015இல் ஆராய்ந்தபோது, அந்த உழவர்களுக்கு இன்று மிக நெருக்கமானவர்கள் பாஸ்க் மக்கள் என்று தெரிந்தது. அந்த உழவர்களின் முன்னோரில் பெரும் பங்கு அனத்தோலியா, அதாவது இன்றைய துருக்கி, பக்கமிருந்து வந்தது.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரிய தீபகற்பம் பற்றி 2019இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. கி.மு. 2000 வாக்கில் தீபகற்பத்தின் மரபுவழியில் சுமார் 40 விழுக்காடும், ஆண்வழி ஒய் குரோமோசோம்களில் ஏறத்தாழ முழுவதும், கிழக்கே ஸ்டெப்பி புல்வெளி வேர் கொண்டவர்களால் மாற்றப்பட்டுவிட்டன. பாஸ்க் ஆண்களிலும் இந்த வழி மிக அதிகம். லத்தீன், சமஸ்கிருதம் போன்ற இந்தோ-ஐரோப்பிய மொழிகளோடு சேர்த்துப் பேசப்படும் வழி அது. ஆனாலும் அவர்கள் மொழி இந்தோ-ஐரோப்பியம் இல்லை. தந்தைவழி மாறியும் மொழி மாறவில்லையா, அல்லது வேறு விதமாக நடந்ததா என்பதை எலும்பு சொல்லாது. பாஸ்க் மக்களைத் தனித்துக் காட்டுவது அதற்குப் பிந்திய காலம்: இரும்புக் கால ஐபீரியரைப் போலவே இருந்துவிட்டு, ரோமர் காலத்திலும் அரபு ஆட்சியிலும் மற்றப் பகுதிகளுக்கு வந்த கலப்பை அவர்கள் அதிகம் வாங்கவில்லை.

ரோமே அங்கு எட்டவில்லை என்பதும் தவறு. பாம்ப்ளோனா நகரின் பெயரிலேயே ரோமத் தளபதி பாம்பேயின் பெயர் இருக்கிறது. இருன் ஊரில் ரோமத் துறைமுகம் தோண்டி எடுக்கப்பட்டது. மேற்கே ஆலவா போன்ற இடங்களின் ரோமக் காலக் கற்களில் பாஸ்க் பெயர்களைவிட இந்தோ-ஐரோப்பியப் பெயர்களே மிகுதி. அதனால் மேற்குப் பகுதிக்கு மொழி ரோமின் வீழ்ச்சிக்குப் பின்தான் பரவியது என்று ஒரு தரப்பு சொல்கிறது. வட்டார வழக்குகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பது, அவை 5, 6ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பிரிந்தன என்று காட்டுவதால், அந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. அக்விதானியாவும் நவார்ராவும் பழைய வீடு. மேற்கு இன்னும் தகராறில் உள்ள நிலம் என்பது என் கணிப்பு.

இந்த இடைவெளியை நிரப்ப வந்த மோசடியையும் சொல்ல வேண்டும். 2006இல் ஆலவாவின் இருன்யா-வெலெயா ரோம நகரில் கி.பி. 3ஆம் நூற்றாண்டு பாஸ்க் வாசகங்கள் ஓடுகளில் கிடைத்ததாக அறிவித்தார்கள். பல நூற்றாண்டு மௌனம் ஒரே நாளில் உடைந்துவிட்டது என்று ஊரே கொண்டாடியது. மொழியியலாளர்கள் உடனே முகம் சுளித்தார்கள். அக்காலத்தில் இருக்க வேண்டிய ஹ ஒலி இல்லை. பிந்திய காலத்தில் சுட்டுச்சொல்லிலிருந்து உருவான ‘ஆ’ விகுதி தாராளமாக இருக்கிறது. இன்றைய பாணியில் காற்புள்ளிகள். இயேசுவின் சிலுவை மீது, கல்லறைகளில் பொறிக்கும் ஆர்.ஐ.பி. (‘அமைதியில் உறங்குக’) எழுத்துகள். 2008இல் நிபுணர் குழு போலி என்றது. 2020இல் நீதிமன்றமும் தண்டனை வழங்கியது. ஒலி விதிகளின் அட்டவணை இல்லாதிருந்தால் இந்த ஓடுகள் இன்று பாடநூலில் இருந்திருக்கும்.

அதனாலேயே அடுத்த கண்டுபிடிப்பை எல்லோரும் சந்தேகத்தோடு அணுகினார்கள். பாம்ப்ளோனாவுக்கு அருகே இருலேகி மலைக் குடியிருப்பு கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமரின் செர்தோரியப் போரில் எரிந்துபோனது. எரிந்த வீடொன்றில் 2021இல் கிடைத்தது, விரல்கள் கீழ்நோக்கிய கை வடிவில் ஒரு வெண்கலத் தகடு. உயரம் சுமார் 14 செ.மீ., எடை 36 கிராம். மணிக்கட்டுப் பக்கம் ஓர் ஆணித்துளை. கதவில் அறைந்து வைத்திருக்கலாம். நான்கு வரிகளில் சுமார் 40 குறிகள். எரிந்த மண்ணடுக்கின் கீழே முறைப்படி தோண்டி எடுத்ததால் காலத்தில் ஐயமில்லை. முதல் சொல்லை சோரியோனெகு என்று வாசித்து 2022 நவம்பரில் அறிவித்தார்கள். இன்றைய பாஸ்கில் சோரியோனெகோ என்றால் ‘நற்பேறு உடைய’. பின்னர் கடைசி எழுத்தைச் சிலர் ‘கெ’ என்று திருத்தி வாசித்தார்கள், அந்த இணைப்பும் தளர்ந்தது. மற்றச் சொற்களுக்குப் பாஸ்க் அகராதியில் எல்லோரும் ஏற்கும் இணை இன்றுவரை அமையவில்லை.